ரவையோடு காத்த மிருதங்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

வித்வான் ஒருவர் மேடையில் வாசித்த மிருதங்கம் அவருடைய ரசிகர் வீட்டில் ஏறக்குறைய 26 ஆண்டுகள் இருந்தது. அது எப்படிக் கெட்டது, எதைக் காப்பாற்ற முடிந்தது, எது கையை விட்டுப் போனது என்பதை எழுதி வைக்கிறேன். நடந்தது சென்னையில், 2023 டிசம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை. எழுதச் சொன்னது அந்தக் குடும்பம்தான். பெயர்களை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள்.

வீடுகளில் இருக்கும் பழைய இசைக்கருவிகளைப் பார்த்து, அவற்றின் நிலையை எழுதி, பராமரிக்க உதவுவது என் வேலை. மிருதங்கம் செய்ய எனக்குத் தெரியாது. அதற்கு மயிலாப்பூரில் தலைமுறையாக மூட்டு அடிக்கும், அதாவது வாத்தியத்தின் தோல் முகங்களைச் செய்து கட்டும் ஒருவர் தொடக்கத்திலிருந்தே கூட இருந்தார். அவர் இல்லாமல் இதில் பாதிகூட நடந்திருக்காது.

பின்னணி

ரசிகர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 81. வேளச்சேரியில் முதல் மாடியில் மகள் குடும்பத்தோடு இருக்கிறார். 1970களின் தொடக்கத்திலிருந்து ஒரே ஒரு மிருதங்க வித்வானை விடாமல் கேட்டு வந்தவர். மார்கழி வந்தால் விடுப்பு போட்டுவிட்டு மயிலாப்பூர், தி.நகர், மாம்பலம் என்று அவர் வாசிக்கும் சபாவுக்கெல்லாம் போவாராம். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்து கேன்டீனுக்குப் போகும். இவர் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். கேட்ட கச்சேரிகளையெல்லாம் நீளமான கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறார்: யார் பாடினார்கள், என்ன தாளம், கோர்வை எப்படி முடிந்தது என்று. இப்படி ஏழு நோட்டுகள் இருக்கின்றன.

1998 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரத்தில், ஒரு கச்சேரி. வித்வானுக்கு அப்போதே உடம்பு தளர்ந்திருந்தது. கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் பார்க்கப் போன ரசிகரிடம், "இதை இனிமே என்னால தூக்கிண்டு அலைய முடியாது. நீங்க வெச்சுக்கோங்கோ" என்று அந்த மிருதங்கத்தையே கொடுத்துவிட்டார். கூட இருந்த சிஷ்யர், வழக்கப்படி தொப்பியிலிருந்து ரவையைச் சுரண்டத் தொடங்கியிருக்கிறார். ரசிகர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "அப்படியே இருக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டார்.

பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன். மிருதங்கத்தின் வலப்பக்கம் வலந்தலை. நடுவில் கருப்பாகத் தெரிவது கரணை. சோற்றையும் கிட்டக் கல்லின் தூளையும் சேர்த்து அரைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது அது. இடப்பக்கம் தொப்பி. அதன் நடுவில் ஒவ்வொரு கச்சேரிக்கும் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள். இடக்கையின் அந்தக் கனமான தொம்காரம் அதனால்தான் வருகிறது. முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒரு கச்சேரிக்கு மேல் இருக்க வேண்டிய பொருளே அல்ல அது.

ரசிகர் அதைத்தான் 26 ஆண்டுகள் காத்தார். அந்த ரவையை நான் முதலில் பார்த்தபோது எனக்கும் காரணம் புரிந்தது. அப்பிய ரவையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகச் சீர் செய்திருக்கிறார் வித்வான். சோமாசியின் ஓரம் மடித்தாற்போல வரிசையாக விரல் பதிந்த குழிகள். ஒன்றில் நகத்தின் கீற்றுகூடத் தெரிந்தது. வித்வான் 2000இல் காலமாகிவிட்டார்.

கண்ணாடிப் பெட்டி

வாத்தியம் வந்த ஒரு மாதத்துக்குள் தேக்குச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே ஒரு விளக்கும் பொருத்தியிருக்கிறார்கள். பெட்டி ரசிகரின் படுக்கையறையில் இருந்தது. இரவில் ஏ.சி. ஓடும், பகலில் நிற்கும். விளக்கு வெள்ளிக்கிழமைகளில் எரியும், விருந்தினர் வந்தால் எரியும். மூலைகளில் அந்துருண்டை. 2008 வாக்கில் எறும்பு வந்தபோது மகள் எறும்புப் பொடி தூவியிருக்கிறார்.

இரு பக்கத் தோலையும் இழுத்துக் கட்டும் வார், கச்சேரி அன்று இழுத்த இழுப்பிலேயே இருந்தது. நீண்ட நாள் வாசிக்கப் போவதில்லை என்றால் வாரைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பது மூட்டு அடிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தோல் காய்ந்தால் சுருங்கும், ஈரம் பட்டால் தளரும். இரவும் பகலும் ஏ.சி.யோடு சேர்ந்து அது இழுபட்டுக்கொண்டே இருந்தது. ரசிகருக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. தொட்டால் கெட்டுவிடும் என்ற பயம். சிஷ்யர் இரண்டு முறை வீட்டுக்கு வந்திருக்கிறார். அவரும் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

டிசம்பர் 2023

சபா ஒன்றில் மார்கழி சீசனுக்கு ஒரு சிறு கண்காட்சி ஏற்பாடு செய்திருந்தார்கள். மிருதங்கத்தை இரவல் கேட்டார்கள். அருகில் வைக்கும் அட்டைக்கு வாசகமும் கேட்டார்கள். ரசிகர் எழுதிக் கொடுத்த வாசகத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, 1998இல் வித்வான் வாசித்துக் கையோடு கொடுத்தது. இரண்டு, 1983இல் ஒரு பாடகிக்கு அவர் வாசித்து, வானொலியிலும் ஒலிபரப்பான பேர்போன கச்சேரியில் ஒலித்ததும் இதே மிருதங்கம்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். முதல் மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் நான்கு நாள் மின்சாரம் இல்லை. ஜன்னலையும் திறக்க முடியவில்லை. 10ஆம் தேதி, கண்காட்சிக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்று மகள் பெட்டியைத் திறந்தபோது அடித்தட்டில் மஞ்சளும் பழுப்புமாகப் பொடி கொட்டிக் கிடந்தது. தொப்பியில் சாம்பல் நிறப் பூஞ்சை. அவர் அப்பாவிடம் சொல்லாமல் முதலில் எனக்குத்தான் போன் செய்தார்.

முதல் நாள் பார்த்தவை

12ஆம் தேதி போனேன். பழைய எறும்புப் பொடி உள்ளே இருக்கும் என்பதால் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டோம். 14 வயதுப் பேரனை அறைக்குள் விடவில்லை. தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம்.

பொடி இரண்டு வகை. ஒன்று ரவை உதிர்ந்தது. இன்னொன்று பூச்சி அரித்த தோலின் தூளும் கழிவும், நடுவே சிறு முடி முளைத்த பழுப்புச் சட்டைகளும். தோல் வண்டின் புழு வளர வளர உரித்துப் போடும் சட்டைகள் அவை. நடந்ததை என்னால் ஊகித்துச் சொல்ல முடியும்: ரவைக்கு மாவுப் பூச்சி வந்திருக்கிறது, செத்த பூச்சிகளும் தோலும் சேர்ந்து தோல் வண்டை இழுத்திருக்கின்றன, புயலின் ஈரம் பூஞ்சையைக் கிளப்பியிருக்கிறது. அந்துருண்டை வாடை இருந்ததே தவிர வேலை செய்யவில்லை.

தொப்பியின் உள்தோல் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டிருந்தது. ரவையிலும் பெரும்பகுதி போய், விரல் குழிகளில் நான்கு மட்டும் மிஞ்சியிருந்தன. வலந்தலை ஆச்சரியமாக நன்றாக இருந்தது. கரணையில் வறண்ட ஏரிப் படுகை மாதிரி மெல்லிய வெடிப்புகள். அவை இருக்க வேண்டியவைதான். மோதிர விரல் படும் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் மழமழவென்று தேய்ந்திருந்தது. மரத்தில், வலந்தலைக்கு அருகே, பழைய வெடிப்பை ஒட்டியிருந்த அடையாளம். அதற்குப் பக்கத்தில் கண் போல ஒரு கணு.

நீளம் அளந்தேன். 24 அங்குலம். எழுதிக்கொண்டேனே ஒழிய, அதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கண்காட்சிக்குக் கொடுப்பதில்லை என்பது அன்றே முடிவானது. ஒரு வீட்டுப் பூச்சியை இன்னொரு அரங்குக்கு அனுப்ப முடியாது. ரசிகரிடம் நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்னோம். பெட்டி வரை வந்து பார்த்தார். "நான்தானே சுரண்ட வேண்டாம்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

பூச்சியை நிறுத்தியது

மருந்து அடிக்கலாமா என்று மகள் கேட்டார். திரவ மருந்து தோலிலும் கரணையிலும் கறை விடும். ரவையைக் கரைத்தே விடும். வேண்டாம் என்றேன். ஃப்ரீசரில் உறைய வைத்துப் பூச்சியைக் கொல்வது அருங்காட்சியகங்களில் துணிக்கும் புத்தகத்துக்கும் நல்ல வழி. ஆனால் இங்கே மரம், மூன்று விதத் தோல், கரணை எல்லாம் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. குளிரில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு சுருங்கும். முறுக்கேறிய தோல் அங்கேயே கிழியலாம்.

காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துவிடும் முறையைத் தேர்ந்தெடுத்தோம். உணவுப் பொட்டலங்களில் போடும் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களோடு வாத்தியத்தை ஒரு பைக்குள் வைத்து முழுக்க அடைப்பது. சாதாரண பாலித்தீன் பை இதற்குப் பயன்படாது, காற்று மெல்ல ஊடுருவிவிடும். அலுமினியப் படலம் சேர்த்த பை வேண்டும். உள்ளே ஒரு சிறு ஜன்னல் வைத்து, ஆக்சிஜன் இருந்தால் நீலமாகவும் இல்லாவிட்டால் இளஞ்சிவப்பாகவும் மாறும் வில்லையைப் போட்டோம். முதல் இரண்டு நாள் நீலமாகவே இருந்தது. ஒரு மூலையில் ஒட்டு சரியில்லை. திரும்ப ஒட்டிய பிறகு சிவந்தது. அங்கிருந்து நான்கு வாரம் எண்ணினோம்.

பை ரசிகரின் அறையிலேயே இருந்தது. தினமும் காலையில் வில்லையின் நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதியது அவர்தான். அவருக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

1983 விஷயம்

அந்த நான்கு வாரத்தில் வாத்தியத்தின் வரலாற்றைச் சரிபார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். 1998 பற்றிச் சந்தேகமே இல்லை. நோட்டில் அன்றைய தேதியிலேயே பதிவு இருக்கிறது. கொடுத்ததைப் பார்த்த சிஷ்யர் இருக்கிறார்.

அதற்கு முந்தைய காலத்துக்குப் படத்தைத்தான் நம்ப வேண்டும். 1991இல் ஒரு பத்திரிகையில் வந்த படத்தை ரசிகர் வெட்டி வைத்திருந்தார். வார்களுக்கு இடையே மரம் தெரிகிறது. பழைய படங்களில் ஒரு கவனம் வேண்டும்: சில சமயம் அச்சில் இடவலம் மாறிவிடும். பழனி சுப்பிரமணிய பிள்ளை மாதிரி இடக்கையால் வாசித்தவர்களின் படமானால் குழப்பம் இரட்டிப்பாகும். இந்தப் படத்தில் பின்னால் தொங்கும் சபா பேனரின் எழுத்து நேராக இருந்ததால் படம் மாறவில்லை என்று உறுதி. பூதக்கண்ணாடியில் பார்த்தால், வலந்தலைக்கு அருகே அதே கண் போன்ற கணு. அதற்குக் கீழே மரத்தின் ரேகை ஆறு பிரிவது மாதிரி இரண்டாகப் பிரிகிறது. நம் வாத்தியத்திலும் அப்படியே. வார் மாறும், தோல் மாறும், கணு மாறாது. ஆக 1991இலும் இது மேடையில் இருந்திருக்கிறது.

1983க்கு வந்தபோதுதான் அந்த 24 அங்குலம் உறைத்தது. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற கணக்கில் சொல்வார்கள், எண் கூடினால் சுருதி உயரும். மூட்டு அடிப்பவரிடம் போனில் கேட்டேன். "அண்ணே, இதை அஞ்சு கட்டைக்கு ஏத்த முடியுமா?" பதில் உடனே வந்தது: "இது தக்கு சுருதி வாத்தியம், தம்பி. ஒண்ணு, ஒண்ணரை கட்டைக்கு. அஞ்சுக்கு இழுத்தா தோல் பிஞ்சுடும்." ஆண் குரல்களின் தாழ்ந்த சுருதிக்கு 24 அங்குல வாத்தியமும், பெண் குரல்களின் உயர்ந்த சுருதிக்கு 22 அங்குலம் வரும் ஹெச்சு சுருதி வாத்தியமும் எடுத்துப் போவார்கள். வித்வான்களிடம் பல வாத்தியங்கள் இருப்பது இதற்காகத்தான்.

1983 கச்சேரியின் கேசட் ரசிகரிடமே இருந்தது. கேட்டுப் பார்த்தோம். பாடகியின் சுருதி ஐந்து கட்டையை ஒட்டி இருந்தது. கேசட் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றரைக் கட்டை ஐந்து கட்டையாகக் கேட்கும் அளவுக்கு ஓடாது.

1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து வளர்ந்தது நம் டிசம்பர் சீசன். நிகழ்ச்சி நிரல், ஆண்டு மலர், விமர்சனம் என்று அதற்கு அச்சுச் சான்று ஏராளம். பாடியவர் பெயர் இருக்கும், பக்கவாத்தியக்காரர் பெயர் இருக்கும். எந்த வாத்தியம் மேடை ஏறியது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அந்த இடைவெளியை ரசிகர்களின் நினைவு நிரப்பிக்கொள்கிறது. இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. தான் மிகவும் நேசித்த கச்சேரியும், தன்னிடம் உள்ள வாத்தியமும் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று அவர் மனம் சேர்த்துக்கொண்டது. அதில் பொய் எதுவும் இல்லை.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பூச்சி அரித்த துக்கத்தோடு இதையும் சேர்க்க வேண்டாம் என்றார் மகள். ஆனால் அட்டை வாசகம் ஏற்கனவே சபாவின் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு யாராவது அதை அச்சிட்டால், பிறகு வருகிறவர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். ஜனவரி கடைசியில் அவர் எதிரில் உட்கார்ந்து, அளவையும் சுருதியையும் விளக்கிச் சொன்னேன். வாதம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அன்னிக்கு வாசிச்சது எங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். 1983 நோட்டைத் தேடி எடுத்திருக்கிறார். தன் கையெழுத்தில் அன்றிரவு எழுதிய வரியைப் படித்துக் காட்டினார்: "இன்று சின்ன வாத்தியம். நாதம் மணி மாதிரி." நான்கு மாடி ஏறி வந்தவர் போல மூச்சு வாங்கியது அவருக்கு. அட்டையைத் திருத்தச் சொல்லி சபாவுக்கு அன்றே கடிதம் போட்டுவிட்டார்.

பிரிப்பதா, வேண்டாமா

பூச்சி செத்தது சரி. அப்புறம்? தொப்பி அரித்துப் போனதால் வாரின் இழுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்படியே விட்டால் நல்ல நிலையில் இருக்கும் வலந்தலையும் கோணும். உள்ளே பூச்சிச் சட்டையும் பூஞ்சையும் இருக்கின்றன. பிரிக்காமல் சுத்தம் செய்ய வழியில்லை. தொப்பியை மட்டும் கழற்றவும் முடியாது. ஒரே வார்தான் இரண்டு மூட்டையும் மாற்றி மாற்றிக் கோத்து இழுக்கிறது. ஒன்றை அவிழ்த்தால் இரண்டும் வந்துவிடும்.

மூட்டு அடிப்பவர் முதலில், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புது மூட்டு போட்டுவிடலாம், வாத்தியம் பேச வேண்டும் என்றார். வாசிக்காத வாத்தியத்தை அவரால் பார்க்க முடியவில்லை. எனக்கோ பழைய தோலில் ஒரு நார்கூடப் போகக் கூடாது. ரசிகர் இரண்டுக்கும் ஒப்பவில்லை. மூடி அப்படியே வைத்துவிடுங்கள் என்றார். ஐந்து வாரம் இப்படியே போயிற்று.

முடிச்சை அவிழ்த்தது சிஷ்யர்தான். அவருக்கே இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். வலந்தலை மூட்டை வித்வான் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார் என்றும், ஆட்டோவில் மயிலாப்பூருக்குத் தூக்கிப் போய் மாற்றி வந்தது தான்தான் என்றும் சொன்னார். "இந்த மூட்டு அந்த மார்கழிக்குன்னு போட்டது மாமா. கட்டைதான் அவரோட பல வருஷம் இருந்தது." வாத்தியக்காரர்கள் கட்டை என்று சொல்வது மரக்கூட்டை, சுருதிக் கணக்கின் கட்டை வேறு.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். மூட்டு அடித்தவர் யார் என்று கேட்டேன். யோசிக்காமல் பெயரைச் சொன்னார். ஏழு நோட்டிலும் அந்தப் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அட்டை வாசகத்திலும் இல்லை. வித்வான் இருக்கிறார், ரசிகர் இருக்கிறார், சபா இருக்கிறது. தோலைப் பதமாக்கி, தைத்து, கரணை ஏற்றி அந்த நாதத்தை உண்டாக்கிய மனிதர் மட்டும் இல்லை. நானும் அதுவரை கேட்கவில்லை. எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

முடிவை ரசிகரே சொன்னார். பிரிக்கலாம். பழைய மூட்டு இரண்டையும் தனியாகக் காக்க வேண்டும். ரவையை யாரும் எறியக் கூடாது. கட்டைக்குப் புது மூட்டு போட்டுப் பேரன் வாசிக்கலாம். ஆனால் வீட்டில் மட்டும்.

பிரித்த நாள்

மார்ச் 17, ஞாயிறு. மூட்டு அடிப்பவரும் அவர் மகனும் வந்தார்கள். தொப்பியின் மேல் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைப் போர்த்தி, அதன் மேல் பஞ்சுத் திண்டு வைத்துக் கட்டினோம். ரவையை ஒட்ட எதையும் பூசவில்லை. தண்ணீர் சேர்ந்த பசை ரவையை ஊற வைக்கும். மற்ற பசைகளைப் பிறகு எடுக்க முடியாது.

வலந்தலைக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அது என் தவறு. காய்ந்து இறுகியிருந்த வாரை ஒரே காலையில் அவிழ்த்துவிட்டோம். வார் கோத்திருக்கும் பதினாறு கண்ணில் பாதிக்கு மேல் தளர்ந்ததும், தோல் ஒரு பக்கமாக எழும்பியது. கரணையின் ஓரத்திலிருந்து நகம் அளவு ஒரு சில்லு பட்டென்று தெறித்தது. மோதிர விரல் தேய்த்து மழமழப்பாக்கிய அதே ஓரம். மூட்டு அடிப்பவர் கையை எடுத்துவிட்டார். யாரும் பேசவில்லை. சில்லைத் தேடி எடுத்து, உறையில் போட்டு, தேதி எழுதினேன். ரசிகரிடம் அப்போதே போய்ச் சொன்னேன். உறையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கட்டையின் உள்ளே மென்தூரிகையாலும் சிறு உறிஞ்சு குழாயாலும் சுத்தம் செய்தோம். பலா மரம் உள்ளே தேன் நிறத்தில் திடமாக இருந்தது. வெடிப்புக்கு உள்பக்கம் துணி வைத்து ஒட்டியிருந்தார்கள். பென்சிலில் ஏதோ ஒரு எண் தெரிந்தது. வருடமா, வரிசை எண்ணா என்று சொல்ல முடியாததால் படம் எடுத்து, "பொருள் தெரியவில்லை" என்று பதிவில் எழுதினோம்.

பிறகு

பழைய மூட்டுகள் இரண்டும் அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், அவற்றின் வளைவுக்கு ஏற்ப வெட்டிய மெத்தைமேல் தனித்தனியாக இருக்கின்றன. உதிர்ந்த ரவை, கரணைச் சில்லு, வார் எல்லாம் தனித்தனி உறையில். பெட்டி இப்போது ஏ.சி. இல்லாத ஹாலில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் ஈரப்பதமானி. சென்னையில் ஈரப்பதத்தைக் குறைவாக வைத்திருப்பது வீட்டில் ஆகாத காரியம். ஆகவே குறைப்பதைவிட, ஒரேயடியாக ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்கிறோம். பூச்சி ஒட்டும் அட்டையை மாதம் ஒருமுறை பேரன் பார்க்கிறான். ஆகஸ்ட் வரை எதுவும் சிக்கவில்லை.

மே மாதம் கட்டைக்குப் புது மூட்டு போட்டார்கள். பேரனுடைய வாத்தியம் நட்டு போல்ட் வைத்தது. வார் வாத்தியத்தை அவன் சுருதி சேர்த்துப் பழகவே சில வாரம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசிக்கிறான். முடிந்ததும் ரவையை அவனே சுரண்டி எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, வாரைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறான். முதல் ஞாயிறு தாத்தா வந்து உட்காரவில்லை. மூன்றாவது ஞாயிறு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளம் போட்டார்.

அட்டை வாசகம் புதிதாக எழுதப்பட்டது. 1991 படம், 1998 கச்சேரி, கொடுத்த விதம், நீளம், கட்டையின் மரம், பழைய மூட்டு எடுத்த தேதி, புது மூட்டு போட்ட தேதி. பழைய மூட்டையும் புது மூட்டையும் அடித்த இருவர் பெயரும் வித்வான் பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில். 1983 அதில் இல்லை.

மறுபடி செய்தால்

வாரை ஒரே நாளில் அவிழ்க்க மாட்டேன். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, எதிரெதிர்க் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவேன். கரணை எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் அதன்மேல் காகிதமும் திண்டும் வைத்த பிறகுதான் முடிச்சில் கை வைப்பேன். அளவும் சுருதியும் பொருந்துகின்றனவா என்று முதல் நாளே பார்ப்பேன். எழுதிய எண்ணை ஒரு மாதம் சும்மா வைத்திருந்தேன். சிஷ்யரையும் முதல் வாரத்திலேயே கூப்பிடுவேன், அந்த ஐந்து வார இழுபறி இருந்திருக்காது.

1998இல் நான் பக்கத்தில் இருந்திருந்தால் ரவையை மெல்லிய தகட்டால் முழுசாகப் பெயர்த்து, காய வைத்து, தனிப் பெட்டியில் போடச் சொல்லியிருப்பேன். தோலின்மேல் இருந்ததால்தான் இரண்டும் சேர்ந்து போயின. இப்படி மேடையிலிருந்து ஒரு வாத்தியம் கைக்கு வருகிறவர்கள் அன்றைக்கே மூன்று விஷயத்தை எழுதி வைத்தால் போதும்: யார் வாசித்தது, எந்தக் கச்சேரி, மூட்டு யார் அடித்தது. கூட, வாரை இறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. பிரிப்பதற்கு முன், வலந்தலை முழுசாக இருந்தது. தொப்பி கிழிந்திருந்தாலும், வலப்பக்கத்தில் ஒரு விரல் தட்டினால் ஏதோ ஒரு நாதம் வந்திருக்கும். சுருதி இறங்கியிருக்கலாம், கம்மியிருக்கலாம். ஆனாலும் அந்தக் கரணையின் குரல். எதையும் தட்டக் கூடாது என்று தடுத்தது நான்தான். மெதுவாக ஒரே ஒரு "நம்" வாசித்துப் பதிவு செய்திருந்தால் தோலுக்கு எதுவும் ஆகியிருக்காது என்று மூட்டு அடிப்பவர் பிறகு சொன்னார். பிரிப்பதற்கு முன்பே சிஷ்யர் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தார். அவரைக்கொண்டே வாசிக்க வைத்திருக்கலாம்.

பழைய மூட்டு இருக்கும் பெட்டியை அடுத்து திறந்து பார்ப்பது அக்டோபர் முதல் வாரம், மழைக்கு முன்.